பெட்ஸை விற்றது எந்தக் குளிர்காலம்?

2020 பிப்ரவரி 10 அன்று அமெரிக்கப் பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ், தன் வலது வெளிக்கள ஆட்டக்காரர் முக்கி பெட்ஸையும் இடக்கைப் பந்து வீச்சாளர் டேவிட் பிரைஸையும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் என்ற மூன்று இளைஞர்களைப் பெற்றுக்கொண்டது. பெட்ஸுக்கு அப்போது வயது 27. 2018ஆம் ஆண்டில் 0.346 என்ற மட்டைச் சராசரியுடன் அமெரிக்கன் லீகின் முதலிடம், 32 ஹோம் ரன்கள், 30 தளத் திருட்டுகள், மிகச்சிறந்த வீரர் விருது ஆகிய அனைத்தையும் ஒரே பருவத்தில் சேர்த்தவர் அவர். அந்த ஆண்டு ரெட் சாக்ஸ் 108 ஆட்டங்களை வென்றது. அணியின் வரலாற்றில் அதுவே அதிகம். ஆண்டின் கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் அவர்கள் 4–1 என்ற கணக்கில் வீழ்த்தியதும் இதே டாட்ஜர்ஸைத்தான்.

பேஸ்பாலின் பெரும் நட்சத்திரமான பேப் ரூத்தை இதே ரெட் சாக்ஸ் நியூயார்க் யாங்கீஸுக்கு விற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 டிசம்பர் 26 அன்று. அதன்பின் சரியாக நூறு ஆண்டுகளும் சில வாரங்களும் கழித்து இது நடந்ததால், செய்தித்தாள்களுக்குத் தலைப்புத் தேடும் வேலையே இல்லாமல் போயிற்று. ஆனால் அந்த ஒப்புமை நிகழ்ந்ததை விளக்குவதில்லை. ரூத் பணத்துக்கு விற்கப்பட்டார். பெட்ஸ் ஒரு வரிக் கணக்குக்காகப் பரிமாறப்பட்டார். இந்த அணியின் ரசிகனாக அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் முழுவதும் 2020 பிப்ரவரியின் மீதும், அப்போது அணியின் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்று நான்கு மாதங்களே ஆகியிருந்த ஹைம் ப்ளூமின் மீதும்தான் இருந்தது. பின்னர் ஒப்பந்தங்களையும் தேதிகளையும் அடுக்கிப் பார்த்தபோது கோபம் குறையவில்லை. அது நிற்க வேண்டிய இடம் மாறிவிட்டது. பெட்ஸைப் பறிகொடுத்த முடிவு, அதற்கு முந்தைய குளிர்காலத்தில், வெற்றிக் களிப்பில் எடுக்கப்பட்டது என்பதே நான் வந்து சேர்ந்த கருத்து.

இதைப் புரிந்துகொள்ள, அமெரிக்கப் பேஸ்பாலில் ஒரு வீரரின் ஊதியம் எப்படி உயர்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாகத் தெரியும். இங்கே ஏலமும் கிடையாது, தாண்டவே முடியாத உச்சவரம்பும் கிடையாது. ஒரு அணி தேர்ந்தெடுத்து வளர்த்த வீரர், பெரிய லீகில் ஆறு ஆண்டுகள் சேவை முடிக்கும் வரை அந்த அணிக்கே கட்டுப்பட்டவர். முதல் மூன்று ஆண்டுகளில் அணி கொடுப்பதுதான் ஊதியம். அது பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருக்கும். 2016இல் மிகச்சிறந்த வீரர் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்ற பெட்ஸுக்கு 2017இல் கிடைத்தது 9,50,000 டாலர் மட்டுமே என்பதிலிருந்து அதன் அளவை ஊகிக்கலாம். அடுத்த மூன்று ஆண்டுகளில் ஊதியம் குறித்து உடன்பாடு எட்டாவிட்டால் நடுவர் குழுவிடம் போகலாம். அந்தக் குழு இரு தரப்பின் தொகைகளில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமே தவிர, நடுவில் ஒரு தொகையைச் சொல்லாது. 2018இல் அணி 75 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது, பெட்ஸ் 1.05 கோடி கேட்டார். வழக்கில் அவரே வென்றார். அடுத்த ஆண்டு 2 கோடி, அதற்கடுத்து 2020க்கு 2.7 கோடி டாலர் என அவருடைய ஊதியம் ஏறியது. நடுவர் விசாரணைக்குத் தகுதியுள்ள வீரர் ஒருவருக்கு ஓராண்டுக்கென ஒப்புக்கொள்ளப்பட்ட தொகைகளில் அதுவரை இல்லாத உச்சம் அது.

அந்த ஆறு ஆண்டுகள் முடிந்ததும் வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார். முப்பது அணிகளில் எதனுடனும் பேரம் பேசலாம். பெட்ஸுக்கு அந்த நாள் 2020 பருவத்தின் முடிவில் வரவிருந்தது. வருவதற்குள் நீண்ட ஒப்பந்தம் ஒன்றில் அவரைப் பிணைத்துவிட அணி முயன்றது உண்மை. வெளியான செய்திகளின்படி, பத்து ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் வரை அணி முன்வைத்தது; அவர் தரப்பு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 42 கோடி கேட்டது. தன் விலையைச் சந்தையே சொல்லட்டும் என்பதில் பெட்ஸ் தெளிவாக இருந்தார், அதை மறைத்ததும் இல்லை. அணியின் தரப்பு வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது: எப்படியும் போகப் போகிறவரை, ஒன்றும் கிடைக்காமல் இழப்பதைவிட, ஓராண்டு முன்பே கொடுத்து ஏதாவது வாங்கிக்கொள்வது மேல்.

இந்த வாதம் தனியாக நின்றிருந்தால் நான் அதை மதித்திருப்பேன். ஆனால் அதன் பின்னால் வேறொரு கணக்கு இருந்தது. அணிகளின் மொத்த ஊதியச் செலவுக்கு லீக் ஒரு வரம்பு வைக்கிறது. 2018இல் அது 19.7 கோடி டாலர், 2019இல் 20.6 கோடி, 2020இல் 20.8 கோடி. வரம்பைத் தாண்டலாம், தாண்டிய தொகைக்கு வரி கட்ட வேண்டும். ஆடம்பர வரி என்று எல்லோரும் அழைப்பது இதைத்தான். முதல் முறை தாண்டினால் 20 விழுக்காடு, தொடர்ந்து இரண்டாம் முறை 30, மூன்றாம் முறையிலிருந்து 50. இரண்டு கோடிக்கு மேல் தாண்டினால் கூடுதல் வரி. நான்கு கோடிக்கு மேல் தாண்டினால் அதற்கு மேலும் வரி, அத்துடன் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் பத்து இடம் பின்னடைவு. ஓராண்டு வரம்புக்குள் வந்துவிட்டால் விகிதம் மீண்டும் 20க்குத் திரும்பிவிடும். ரெட் சாக்ஸ் 2018இல் நான்கு கோடிக்கு மேல் தாண்டி ஏறத்தாழ 1.2 கோடி டாலர் வரி கட்டியது. 2019 தேர்வில் 33ஆவதாக எடுக்க வேண்டிய வீரரை 43ஆவது இடத்தில் எடுத்தது. 2019இலும் தாண்டி 1.3 கோடிக்கு மேல் கட்டியது. 2020இல் தாண்டினால் மூன்றாம் முறை.

இந்த வரியில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அந்த ஆண்டு கையில் கொடுக்கும் ஊதியத்தை அது பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரியையே பார்க்கிறது. எனவே ஒரு வீரருக்குக் கொடுத்த ஒப்பந்தம், அவர் ஆடினாலும் காயத்தில் படுத்திருந்தாலும், முடியும் வரை ஆண்டுதோறும் அதே எடையுடன் கணக்கில் உட்கார்ந்திருக்கும். இந்த விதியின் வளைவுகளில் சிக்கிக்கொண்டவர் கியூபாவிலிருந்து வந்த ரஸ்னி காஸ்டியோ. ஏழு ஆண்டுகளுக்கு 7.25 கோடி டாலர் வாங்கிய அவர், தன் ஒப்பந்தக் காலத்தின் பெரும்பகுதியைப் பாட்டக்கெட் நகரின் கீழ்நிலை அணியிலேயே கழித்தார். பெரிய அணிப் பட்டியலில் அவர் பெயர் ஏறினால் அவருடைய சராசரி வரிக் கணக்கில் சேரும், கீழே இருந்தால் பழைய விதியின்படி சேராது என்பதே அதற்கு முக்கியக் காரணம். ஆட்டத்துக்கான பட்டியலை வரிக் கணக்கு எந்த அளவுக்கு எழுதுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

இனி அந்த முந்தைய குளிர்காலத்துக்கு வருவோம். 2018 அக்டோபர் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம், 18 இன்னிங்ஸ் வரை நீண்டு, 7 மணி 20 நிமிடங்கள் நடந்தது. பாஸ்டனின் நேதன் இவால்டி, அடுத்த நாள் தொடக்க வீச்சாளராக இறங்குவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், 12ஆவது இன்னிங்ஸில் களமிறங்கி 97 பந்துகள் வீசி, கடைசியில் மேக்ஸ் மன்சியின் ஹோம் ரன்னில் தோற்றார். தோற்ற ஆட்டத்தில் ஒருவர் நாயகனாவதை அன்றுதான் பார்த்தேன். இரண்டு நாட்கள் கழித்து, ஐந்தாம் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் கிறிஸ் சேல் வந்து மேனி மச்சாடோவை மண்டியிட வைத்து வீழ்த்தியதோடு கோப்பை கைக்கு வந்தது. இந்த இரு காட்சிகளும் அணியின் நினைவில் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. ஒப்பந்தங்களிலும் தங்கின என்பதுதான் சிக்கல்.

2018 டிசம்பரில் இவால்டிக்கு நான்கு ஆண்டுகளுக்கு 6.8 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. முழங்கையில் இரண்டு முறை தசைநார் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். 2019 மார்ச்சில் சேலுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 14.5 கோடி டாலர் நீட்டிப்பு கொடுக்கப்பட்டது. அவருடைய அப்போதைய ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு முழுப் பருவம் இருந்தது. 2018இன் பிற்பாதியில் தோள்பட்டை வீக்கத்தால் அவர் பல வாரங்கள் ஆடாமல் இருந்ததும் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த ஒரு பருவத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கலாம். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: 2019இல் சேல் 6 ஆட்டங்கள் வென்று 11 தோற்றார், ஆகஸ்டில் முழங்கை வலியோடு பருவம் முடிந்தது. புதிய ஒப்பந்தம் தொடங்கவிருந்த 2020 மார்ச்சில் அவருக்கும் முழங்கை அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. இவால்டியோ 2019இல் முழங்கை எலும்புத் துணுக்குகளை அகற்றிக்கொண்டு திரும்பி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.99 என்ற மோசமான சராசரியில் ரன் கொடுத்தார்.

அன்று இவால்டியைப் போக விடுங்கள் என்று எந்த ரசிகனும் சொல்லியிருக்க மாட்டான், நானும் சொல்லவில்லை. அவர் 2021இல் அருமையாக வீசினார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கணக்கு இப்படி இருக்கிறது: சேல், இவால்டி இருவரின் ஒப்பந்தங்களும் சேர்ந்து வரிக் கணக்கில் ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல். பெட்ஸின் 2.7 கோடியும், பிரைஸின் ஊதியத்தில் டாட்ஜர்ஸ் ஏற்றுக்கொண்ட பாதியும் சேர்ந்து 2020இல் ரெட் சாக்ஸுக்கு மிச்சமானதும் 4 கோடி டாலருக்குச் சற்று மேல். தராசின் ஒரு தட்டில் முப்பதை நெருங்கிய இரண்டு பந்து வீச்சாளர்களின் தேய்ந்த முழங்கைகள். மறுதட்டில் அணியே வளர்த்தெடுத்த, இருபதுகளில் இருந்த, தினமும் ஆடக்கூடிய ஒருவர். இந்தத் தேர்வை யாரும் அப்படி வெளிப்படையாக முன்வைத்துச் செய்யவில்லை. 2018 டிசம்பரில் ஒன்று, 2019 மார்ச்சில் ஒன்று, 2020 பிப்ரவரியில் ஒன்று எனத் தனித்தனியாகச் செய்ததால், ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நியாயமாகத் தோன்றியது. இத்துடன் அணியின் முக்கிய மட்டையாளர் ஜே.டி. மார்ட்டினெஸ், 2019 நவம்பரில் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை இருந்தும் விலகாமல் தங்கினார். அவருடைய சராசரியும் கணக்கிலேயே நின்றது.

கோப்பை வென்று பதினொரு மாதங்கள்கூட ஆகாத நிலையில், 2019 செப்டம்பரில், அந்த ஒப்பந்தங்களைப் போட்ட அணித் தலைமை நிர்வாகி டேவ் டொம்ப்ராவ்ஸ்கி நீக்கப்பட்டார். அந்த மாத இறுதியிலேயே, அடுத்த ஆண்டு ஊதியம் வரம்புக்குள் வர வேண்டும் என்று உரிமையாளர் ஜான் ஹென்றி வெளிப்படையாகப் பேசினார். அக்டோபரில் டாம்பா பே அணியிலிருந்து ப்ளூம் அழைத்து வரப்பட்டார். மிகக் குறைந்த ஊதியத்தில் நல்ல அணிகளைக் கட்டிய நிறுவனத்தில் வளர்ந்தவரைத் தேர்ந்தெடுத்ததே, அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது என்ன என்பதைச் சொல்லிவிட்டது. பின்னாளில் பாஸ்டன் வானொலிகளில் ப்ளூமின் மீது பொழிந்த வசவுகளைக் கேட்கும்போதெல்லாம், எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆனால் அம்பிடமும் ஒரு குறை இருந்தது. பெட்ஸைப் பரிமாறியே தீர வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், பிரைஸை அவரோடு கட்டி அனுப்பியது ஏன் என்ற கேள்விக்கு நல்ல விடை கிடையாது. பிரைஸுக்கு 2015 டிசம்பரில் கொடுத்த ஏழாண்டு, 21.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு 9.6 கோடி பாக்கி இருந்தது. அதில் பாதியை ரெட் சாக்ஸே தர ஒப்புக்கொண்டது. மறுபாதியை டாட்ஜர்ஸ் சுமந்தது. அந்த 4.8 கோடியைச் சுமக்க டாட்ஜர்ஸ் இலவசமாக முன்வரவில்லை. கொடுக்க வேண்டிய இளம் வீரர்களின் தரத்தைக் குறைத்துக்கொண்டு முன்வந்தது. அதாவது, பெட்ஸின் மதிப்பின் ஒரு பகுதி பிரைஸின் கடனை அடைக்கப் போயிற்று. முதலில் மினசோட்டா ட்வின்ஸையும் சேர்த்து மூன்று அணிகளுக்கிடையே பேசப்பட்ட ஏற்பாட்டில், ப்ரூஸ்டார் கிராட்டரோல் என்ற அதிவேக வீச்சாளர் பாஸ்டனுக்கு வரவிருந்தார். அவருடைய மருத்துவ அறிக்கையைப் பார்த்து ரெட் சாக்ஸ் தயங்கியதால் அது குலைந்து, ஜீட்டர் டவுன்ஸும் கானர் வாங்கும் உள்ளே வந்தார்கள். கிராட்டரோலோ தனியொரு பரிமாற்றத்தில் டாட்ஜர்ஸுக்கே போய்ச் சேர்ந்து, அந்த ஆண்டே கோப்பை வென்றார்.

வந்த மூவரில் வெர்டூகோ முதல் ஆண்டு 0.308 அடித்து நம்பிக்கை தந்தார். பின்னர் நடுத்தரத்தில் நின்றுவிட்டார். 2023 டிசம்பரில் யாங்கீஸுக்கே அனுப்பப்பட்டார். யாங்கீஸின் டெரிக் ஜீட்டர் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட டவுன்ஸ், பரிமாற்றத்தின் மணியாகக் கருதப்பட்டவர், 2022இல் பாஸ்டனுக்காக 14 ஆட்டங்கள் மட்டும் ஆடி, அந்த டிசம்பரிலேயே பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டு வாஷிங்டனுக்குப் போனார். மூன்றாவதாகப் பேசப்பட்ட வாங்தான் 2023, 2024 பருவங்களில் அணியின் முதன்மைக் கேட்சராக ஆடினார்.

வரியின் சுமை உண்மையில் எவ்வளவு இருந்திருக்கும் என்று போட்டுப் பார்ப்பது கடினமல்ல. 2020இல் வரம்பை 3 கோடி டாலர் தாண்டியிருந்தால், மூன்றாம் முறை என்பதால் பாதி, அதாவது 1.5 கோடி, இரண்டு கோடிக்கு மேற்பட்ட ஒரு கோடிக்கு 12 விழுக்காடு கூடுதல், ஆக 1.62 கோடி. இவால்டியின் ஓராண்டு ஊதியமான 1.7 கோடியைவிட அது குறைவு. வரம்பைத் தாண்டும் பெருநகர அணிகள் வருவாய்ப் பகிர்வில் திரும்பப் பெறக்கூடிய தொகையிலும் ஒரு பங்கை இழக்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், 300 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட ஒரு நிறுவனத்தை அது சாய்த்துவிடாது. பிரைஸை மட்டும் பாதி ஊதியத்தோடு அனுப்பி, ஜாக்கி பிராட்லியின் 1.1 கோடியையும் வேறிடத்துக்கு மாற்றியிருந்தால், பெட்ஸை வைத்துக்கொண்டே வரம்பை நெருங்கியிருக்கலாம் என்பது என் கணிப்பு. அதே பிப்ரவரியில் செய்தியாளர்களைச் சந்தித்த ஹென்றி, வரிக்காக இதைச் செய்யவில்லை என்றார். தன் சிறுவயது நாயகன் ஸ்டான் மியூசியலை அவருடைய அணி பரிமாறியிருந்தால் தன் நெஞ்சு உடைந்திருக்கும் என்றும் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டு ஆறுதல் அடைந்த ஒருவரையும் நான் அறியேன்.

பெட்ஸ் எப்படியும் போயிருப்பார் என்ற வாதம் ஆறு மாதங்கள்கூடத் தாங்கவில்லை. 2020 ஜூலை 22 அன்று, டாட்ஜர்ஸ் சீருடையில் ஒரு பருவ ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னரே, அவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 36.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். இதில் கொரோனாவுக்குப் பங்கு உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பார்வையாளர்கள் இல்லாத அரங்குகளைக் கண்டு, அடுத்த குளிர்காலச் சந்தை எப்படியிருக்குமோ என்று எந்த வீரரும் அஞ்சியிருப்பார். ஆயினும் எண்களை அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. செய்திகள் சொன்ன பாஸ்டனின் 30 கோடி, ஆண்டுக்கு 3 கோடி; டாட்ஜர்ஸ் கொடுத்தது ஆண்டுக்கு 3.04 கோடி. ஆண்டுச் சராசரியில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். வேறுபாடு இரண்டு கூடுதல் ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளைக் கொடுக்கத் துணியாத அணி, முப்பதாவது பிறந்தநாளை நெருங்கிய சேலுக்கு ஐந்து ஆண்டுகளைத் துணிந்து கொடுத்திருந்தது.

சேமித்த பணமும் எதிர்பார்த்த அளவுக்குச் சேரவில்லை. 2020 பருவம் 60 ஆட்டங்களாகச் சுருங்கியதால் பெட்ஸுக்கு உண்மையில் கிடைக்கவிருந்த ஊதியமே 1 கோடி டாலர்தான். ரெட் சாக்ஸ் 24 வென்று 36 தோற்றுத் தன் பிரிவில் கடைசி இடத்தில் நின்றது. அந்த அக்டோபரில் உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், டாம்பா பேயின் பிளேக் ஸ்னெல் டாட்ஜர்ஸை அடக்கி வைத்திருந்த நேரத்தில், பெட்ஸ் மட்டையோடு வரும் முறை வந்ததும் டாம்பா பே பயிற்சியாளர் ஸ்னெல்லை வெளியே எடுத்தார். புதிதாக வந்த வீச்சாளரை பெட்ஸ் இரண்டு தளத்துக்கு அடித்து, சில நிமிடங்களில் வெற்றி ரன்னையும் ஓடி முடித்தார். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன்னும் அடித்தார்.

வரியின் விகிதத்தை மீட்டுக்கொண்டதால் கிடைத்த நெகிழ்வை அணி எதற்குப் பயன்படுத்தியது என்பதில்தான் என் மனக்குறை அதிகம். 2021இல் 92 வெற்றிகளோடு லீக் இறுதித் தொடர் வரை போனபோது, ப்ளூம் சரியாகத்தான் செய்தார் என்று பலர் சொன்னார்கள்; சில வாரங்கள் நானும் அப்படி நினைத்தேன். 2022இல் எல்லாம் குழம்பியது. ஜூலை இறுதியில் அணி பின்தங்கியிருந்தபோது, விற்பதா வாங்குவதா என்று தீர்மானிக்காமல், கேட்சர் கிறிஸ்டியன் வாஸ்கெஸை ஹியூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு டாமி ஃபாமையும் எரிக் ஹாஸ்மரையும் வாங்கினார்கள். அணி 78 வெற்றிகளோடு கடைசி இடத்தில் முடிந்தது; ஊதியமோ அந்த ஆண்டின் வரம்பான 23 கோடியைச் சொற்ப அளவில் தாண்டி நின்றது. அந்தச் சொற்பத்துக்கு விலை உண்டு. ஃப்ரீ ஏஜென்டாகப் போகும் முக்கிய வீரருக்கு ஈடாக ஒரு தேர்வு இடம் கிடைக்கும். வரம்பைத் தாண்டாத அணிக்கு அது இரண்டாம் சுற்றை ஒட்டி, தாண்டிய அணிக்கு நான்காம் சுற்றுக்குப் பின். அந்தக் குளிர்காலத்தில் அணியே வளர்த்த நட்சத்திரம் ஸாண்டர் போகார்ட்ஸ் பதினொரு ஆண்டு, 28 கோடி டாலருக்கு சான் டியகோவுக்கும், இவால்டி டெக்சாஸுக்கும் போனார்கள். இருவருக்கும் ஈடாகக் கிடைத்தவை நான்காம் சுற்றுக்குப் பிந்தைய இடங்களே. வரம்புக்குள் வருவதற்காக பெட்ஸை விட்ட அணி, கடைசி இடத்துக்குப் போவதற்காக வரம்பைத் தாண்டியது. வரி விதிகளை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்த ஒரு நிறுவனம் இதைக் கோட்டை விட்டது எனக்கு இன்றும் புரிவதில்லை.

2023 ஜனவரி 2 அன்று ஃபென்வே பூங்காவில் நடந்த திறந்தவெளி ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் தலைகாட்டிய ஹென்றியை நோக்கி மக்கள் கூச்சலிட்டார்கள். இரண்டு நாட்கள் கழித்து அணியின் மூன்றாம் தள ஆட்டக்காரர் ராஃபயல் டெவர்ஸின் நீண்ட ஒப்பந்தச் செய்தி வந்தது: பத்து ஆண்டுகள், 31.35 கோடி டாலர். கூச்சலுக்கும் ஒப்பந்தத்துக்கும் தொடர்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பெட்ஸுக்குக் கொடுக்க மறுத்த அளவை அணி இப்போது அவரைவிடத் தற்காப்பில் பலவீனமான ஒருவருக்குக் கொடுத்தது. ப்ளூம் அந்த செப்டம்பரில் நீக்கப்பட்டார். அந்த ஆண்டின் இறுதியில், அவருக்குப் பின் வந்த கிரெய்க் பிரெஸ்லோ, சேலை 1.7 கோடி டாலரும் சேர்த்துக் கொடுத்து அட்லாண்டாவுக்கு அனுப்பினார். 2024இல் சேல் அங்கே 18 ஆட்டங்கள் வென்று, 3 மட்டும் தோற்று, நேஷனல் லீகின் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதைப் பெற்றார். பெட்ஸின் இடத்தை அடைத்துக்கொண்ட ஒப்பந்தத்தின் மிகச்சிறந்த ஆண்டு இன்னொரு அணிக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் அணியின் நடைமுறை மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அட்லாண்டா 2019இலேயே ரானல்ட் அகூனாவுக்கு எட்டாண்டு, 10 கோடி டாலர் கொடுத்துச் செய்துகாட்டியதை, நடுவர் விசாரணைக் கட்டம் வரும் முன்பே இளம் வீரர்களை நீண்ட காலத்துக்குப் பிணைப்பதை, பாஸ்டன் தாமதமாகக் கற்றுக்கொண்டது. 2024இல் பந்து வீச்சாளர் பிரயான் பெல்லோவுக்கு ஆறாண்டு, 5.5 கோடி, செடான் ரஃபேலாவுக்கு எட்டாண்டு, 5 கோடி, 2025 ஆகஸ்டில் ரோமன் ஆண்டனிக்கு எட்டாண்டு, 13 கோடி. 2015இல் 22 வயது பெட்ஸிடம் இப்படியொரு தாளை நீட்டியிருந்தால் அவர் கையெழுத்திட்டிருப்பாரா என்பது ஐயமே. நடுவர் குழுவின் முன் அணியைத் தோற்கடித்தவர், தன் விலையை மலிவாக எண்ணுபவர் அல்லர். ஆனால் அந்தத் தாளை நீட்டும் வழக்கமே அன்று அணியிடம் இருக்கவில்லை.

டெவர்ஸின் ஒப்பந்தமும் நிலைக்கவில்லை. 2025 தொடக்கத்தில் மூன்றாம் தளத்துக்கு அலெக்ஸ் பிரெக்மனைக் கொண்டுவந்ததும், டெவர்ஸ் தடுப்பு இடமே இல்லாமல் மட்டையாளராக மட்டும் ஆட வைக்கப்பட்டார். பின்னர் முதல் தளத்துக்கு மாறச் சொன்னபோது மறுத்தார். ஜூன் 15 அன்று, மீதமிருந்த ஒப்பந்தத்தோடு சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்கு அனுப்பப்பட்டார். 2018 கோப்பையை வென்ற அணியின் வீட்டுப் பிள்ளைகளான பெட்ஸ், போகார்ட்ஸ், டெவர்ஸ் மூவரும் இவ்வாறு கலிபோர்னியாவில், நேஷனல் லீகின் மேற்குப் பிரிவில், ஒருவருக்கொருவர் எதிராக ஆடும் நிலை வந்தது. ரெட் சாக்ஸின் ஆட்ட அட்டவணை அதற்கு அடுத்த வாரமே அவர்களைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துச் சென்றது. ஜூன் 21 அன்று டெவர்ஸ் புதிய சீருடையில் தன் முதல் ஹோம் ரன்னை அடித்தார். பந்தை வீசியவர் பெல்லோ.